மூடியில்லாத குண்டானும் கடல் கடந்த நிவாரணமும்

நிவாரண வேலையில் கொடுக்கிறவனுக்குப் புண்ணியம், வாங்குகிறவனுக்குச் சோறு, நடுவில் நிற்கிறவனுக்கு முதுகு வலி. உங்களில் யாராவது வெள்ளத்துக்கோ புயலுக்கோ துணி மூட்டை கட்டியிருந்தால், நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. தலையை ஆட்டிக்கொண்டே படியுங்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். அந்த மார்கழியில் சிலோனில் விடாத மழை. ஏரிகள் உடைந்து, கிழக்குக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீரில் போய்விட்டது என்று செய்தி வந்தது. பக்கத்து தேசத்துக்கு ஒரு கஷ்டம் என்றால் நம் தேசம் சும்மா இருக்கலாமா? கப்பல் அனுப்புவதென்று மேலே முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்கள் மூட்டை தைப்பதில்லை. துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தாவாக நிம்மதியாக இருந்த என்னைப் பிடித்து, ராயபுரத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் உட்காரவைத்து, "இனி நீர்தான் நிவாரண ஸ்டோர்" என்றார்கள். சுவரெல்லாம் உப்பு பூத்த கிடங்கு. மத்தியானம் ஆனால் போட்டிருக்கிற சட்டை தானாக ஈரமாகிவிடும்.

எனக்கு மேலே நிவாரணக் கமிட்டிச் செயலாளர் அம்பலவாணன். ரிடையரான தாசில்தார். விதியில் இல்லாததை எதற்காகவும் செய்யமாட்டார். விதியில் இருந்தால் கடலில் குதிக்கச் சொன்னாலும் குதிப்பார். எனக்குக் கீழே மேஸ்திரி தேசப்பன், வியாசர்பாடிக்காரன். எந்த மூட்டையையும் கட்டிவிடுவான், அவன் வாயைத்தான் யாராலும் கட்ட முடியாது.

ராஜா உடுப்பு

முதல் நாள் முதல் வண்டியில் வந்தவர் வண்ணாரப்பேட்டை நாடகக் கம்பெனி முதலாளி. பெரிய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஜரிகை வைத்த அங்கிகள், முழங்கால் வரைக்கும் வரும் பூட்ஸ், மேலே ஒரு கிரீடம். கிரீடத்தின் உள்பக்கம் கம்பெனி பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது.

"இதெல்லாம் வேண்டாங்க" என்றேன். அம்பலவாணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனமுவந்து கொடுத்ததை மறுக்க விதியில் இடமில்லை என்றார். தேசப்பன் அதற்குள் கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்த்து, கனமே இல்லை, சோக்கா கீது என்று சொல்லிவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வாசல் போய் மரத்துமேல் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிரீடம் எதற்கு என்று முதலாளியிடமே கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏன் சார், தண்ணி வடிஞ்ச அப்புறம் அந்த ஊர்ல திருவிழாவே வராதா?"

க்யூ

அப்போது அரிசிக் கடையில் க்யூவில் நின்று வாங்கிக்கொண்டிருந்தோம். அதிலும் பாதிக் கல். இந்த நிலையில் புளியந்தோப்பு, வியாசர்பாடி லைன் வீடுகளில் போய் அயல்நாட்டுக்கு அரிசி கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தேசப்பனை முன்னால் தள்ளிவிட்டு நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

ஒரு வீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நம்ம வூட்லயே ஒலை காயுது. இதுல சிலோன்காரனுக்கு வேற வடிச்சி வைக்கணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் சாக்கை மடிக்க ஆரம்பித்தேன். தேசப்பன் அசையவில்லை. அவன் பதில் சொன்ன பிறகு அந்த அம்மா உள்ளே போய் முறத்தோடு திரும்பி வந்தாள். அரிசியில் கல் பொறுக்கியிருந்தது.

"எப்பப் பாரு நாமதான் க்யூல கடைசி ஆளா நின்னுகினு கீறோம். இன்னைக்கி நம்ம பின்னால ஒர்த்தன் வந்து நிக்கிறான். திரும்பிப் பாக்காம இருந்தா நல்லாவா கீதும்மா?"

அரம்

சமைக்கப் பாத்திரமே இல்லாமல் அங்கே ஜனங்கள் தவிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. பாத்திரம் கேட்டு ஆள் அனுப்பினோம். முதலில் வந்தவர்கள் காசிமேட்டுக் குப்பத்துப் பெண்கள். தலையில் மீன் கூடைக்குப் பதிலாகக் குண்டான், தவலை, சொம்பு. நான் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். போன ஐப்பசியில் இவர்கள் குடிசைகளையே கடல் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தது.

அம்பலவாணன் ஒரு தவலையை எடுத்துத் திருப்பினார். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. இன்னொன்று, அதிலும் பெயர். நம் ஊரில் பெயர் வெட்டாத பாத்திரம் ஏது? அவர் முகம் சுண்டிவிட்டது. தேசம் தேசத்துக்குக் கொடுப்பதில் தனி நபர் பெயர் இருக்கக் கூடாதாம். எல்லாவற்றையும் தேய்த்துவிடு என்று தேசப்பன் கையில் அரத்தைக் கொடுத்தார்.

அரம் ஒரு தடவை கிரீச்சென்றதும் கூட்டத்திலிருந்து ஒருத்தி வேகமாக வந்தாள். அஞ்சலை என்று பெயர். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், அவள் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். அரத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். செயலாளர் விதியைச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டாள். பெயர்கள் பிழைத்தன. அரம் கடைசிவரைக்கும் திரும்பி வரவில்லை.

"பேரைத் தேச்சிட்டு அனுப்பினா, எங்கியோ திருடின ஏனம்னு நெனச்சிக்க மாட்டாங்களா சார்?"

வெறும் ஏனம்

பெயர்ப் பிரச்னை முடிந்தது என்று நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அடுத்த பிரச்னை. ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் ஏதோ இருந்தது. ஒரு பிடி அரிசி, கொஞ்சம் உப்பு, ஒரு மஞ்சள் கிழங்கு. ஒரு சொம்பில் நாலு கருவாட்டுத் துண்டு. வெறும் பாத்திரத்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். கமிட்டி விதிக்குத் தெரியாது. தானியம் தனி மூட்டை, பாத்திரம் தனிப் பெட்டி என்று அது சொல்லிற்று.

"கொட்டிடுங்கம்மா" என்றார் அம்பலவாணன். அவ்வளவுதான். எல்லாப் பெண்களும் அவரவர் குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கப்பலோ துறைமுகத்தில் வந்து நிற்கிறது. அவர் பதறிப்போய் அவர்களை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்: பாத்திரத்துக்குள் இருக்கும் அரிசி உணவு அல்ல, பாத்திரம் நசுங்காமல் இருக்க வைக்கிற அடைப்பு. மனிதர் சிரிக்காமல் சொன்னார், நாங்களும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டோம். அந்த நேரம் பார்த்து, பெட்டியில் அடைக்கவென்று நான் சொல்லிவைத்திருந்த வைக்கோல் மாத்தூரிலிருந்து வண்டியோடு வந்து நின்றது.

"அரிசி அடைப்புன்னா, இந்த வைக்கோலை இன்னா சார் பண்றது? சாப்பாட்டுக் கணக்கிலியா ஏத்துறது?" என்றான் தேசப்பன்.

மூடி

எல்லாரும் கொடுத்துவிட்டுப் போன பிறகு அஞ்சலை மட்டும் நின்றாள். அவளுடையது நல்ல பித்தளைக் குண்டான், ஈயம் பூசிப் பளபளவென்று இருந்தது. மூடியைக் காணோம்.

"மூடி எங்கேம்மா?"

"வூட்ல கீது. அது வராது."

விஷயம் என்னவென்றால், அவளுக்கு ஒரே ஒரு தம்பி, கோயிந்தன். யுத்த காலத்தில் திரிகோணமலைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். எப்போதாவது அந்தப் பக்கம் போய் வருகிறவர்கள் பார்த்தேன் என்று சொல்வார்கள். வெள்ளத்துக்குப் பிறகு யாரும் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் இவள். இந்தக் குண்டானில் ஆக்கிப் போட்டுத்தான் வளர்த்தாள். "அவனாண்ட குடுத்துடுங்க சார்" என்றாள். தனி ஆளுக்கு அனுப்ப வழியில்லை, கும்பலோடுதான் போகும், எந்த வீட்டுக்கு எது போகும் என்று எனக்கே தெரியாது என்றேன். கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் சொன்னேன், காலையிலிருந்து மூட்டைகளோடு மல்லாடி அலுத்திருந்தேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோயிந்தனைப் பற்றித் திட்ட ஆரம்பித்தாள். இரவல் வாங்கினால் திருப்பித் தருகிற பழக்கமே பிறவியில் கிடையாதாம். பக்கத்து வீட்டுக் குடை, எதிர் வீட்டு அரிவாள்மனை, கோயில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, அவள் புருஷனுடைய கல்யாண வேட்டி. அவன் கைக்குப் போன சாமான் திரும்பி வந்ததாகக் காசிமேட்டில் சரித்திரமே இல்லை. திட்டத் திட்ட அவள் கண் நிறைந்துகொண்டே வந்தது. குண்டானைத் திரிகோணமலைக்குப் போகிற பெட்டியில் நானே வைத்தேன். அதற்கு விதி இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை.

"மூடி என்னாண்டயே இருக்கட்டும். வேணும்னா அந்தப் பேமானி நேர்ல வந்து வாங்கிக்கினு போவட்டும்."

போட்டோ

சரக்கெல்லாம் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. பிறகுதான் பிரமுகர் வந்தார். மாலை, பேச்சு, அண்டை தேசம், சகோதர பாசம் எல்லாம் முறையாக நடந்தது. பேச்சு முடிந்ததும் போட்டோக்காரர், மூட்டைகள் எங்கே என்று கேட்டார். கப்பலில் என்றேன். மூட்டை இல்லாமல் நிவாரணப் போட்டோ எப்படி எடுப்பது?

இறக்கினார்கள். பிரமுகர் ஒரு மூட்டையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் கிரீடம் வைத்த மூட்டையிலிருந்து அதன் நுனி வெளியே தெரிந்ததால் ஒரு தடவை, பிரமுகர் கண் மூடிவிட்டதால் ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மாலுமிகளுக்குத் தலைவரான சாரங்கு காதர் பாய், நம் ராயபுரத்துக்காரர்தான், மேல்தளத்தில் நின்று தாடியைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தேசப்பன் கடைசி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"பாய், ஜல்தி கப்பலை எடு! இன்னொரு போட்டோக்காரன் வந்துகினு கீறான்!"

செய்தி இல்லை

கப்பல் போய்விட்டது. எங்கள் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அஞ்சலை தினம் மார்க்கெட் முடிந்து, கூடையோடு கிடங்கு வாசலில் வந்து நிற்பாள். "சேதி வந்துச்சா சார்?" வரவில்லை என்பேன். போய்விடுவாள். சில நாள் கூடையிலிருந்து ரெண்டு வஞ்சிரத் துண்டை எடுத்து வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். அந்த மீனைத் தேசப்பனிடம் கொடுத்துவிடுவேன். பொய்யாக ஏதாவது நல்ல செய்தி சொல்லித் தொலைக்கலாமா என்று கூட நினைத்தேன்.

தனி நபர்களைப் பற்றி விசாரிப்பது கமிட்டியின் வேலை அல்ல என்று அம்பலவாணன் சொல்லிவிட்டார். ஆனால் தினம் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். கேட்கலாமா வேண்டாமா என்று தொண்டையைக் கனைத்துக்கொள்வார். ஒருநாள் என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மூடி அம்மாளுக்கு ஏதாவது தகவல் உண்டா? கமிட்டி சார்பில் கேட்கவில்லை, நானாகத்தான் கேட்கிறேன்."

கப்பல் திரும்பி வந்தது

பங்குனி வெயிலில் கப்பல் திரும்பி வந்தது. காலியாக வரவேண்டிய கப்பல். காதர் பாய் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரக்கு அறையைத் திறந்து காட்டினார். நாங்கள் அனுப்பிய பாத்திரங்கள் கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன.

"இன்னா பாய் இது? குடுக்காமயே எட்துகினு வந்துட்டியா?" என்றான் தேசப்பன்.

கொடுத்தார்களாம். அங்கே ஜனங்கள் பாத்திரத்தைப் பார்த்தார்கள். கழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது, உள்ளே ஒரு பிடி அரிசி இருக்கிறது. அவர்களும் நம்மைப் போலத்தானே? யாரோ மகராசிகள் அவசரத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்து, அவரவர் சட்டி பானை வாங்கியதும், தேய்த்துக் கழுவி, கப்பல் திரும்புகிறது என்று தெரிந்ததும் கரையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வெறுமனே வைப்பார்களா? ஒன்றில் அவர்கள் பனங்கட்டி என்கிற கருப்பட்டி, ஒன்றில் புளி, ஒன்றில் புகையிலை. நாடகக் கம்பெனியின் கிரீடம் கூட வந்திருந்தது, நிறையப் பாக்கோடு.

அம்பலவாணன் வந்து பார்த்தார். கொடுத்த நிவாரணத்தைத் திரும்ப வாங்க விதியில் ஒரு வரி கூட இல்லை. பனங்கட்டியைத் தொட்டுப் பார்த்தார், கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. என்ன செய்யலாம் என்று காதர் பாயையே கேட்டுவிட்டார்.

"நானா அனுப்பினேன்? ஊர் ஏனம், ஊரைக் கூப்புட்டுக் குடுங்க சார். பாக்கை மட்டும் நான் எட்துக்கறேன்."

பெட்டியில் இல்லாதது

குப்பத்துக்குச் செய்தி போனதும் பெண்கள் ஓடி வந்தார்கள். கிடங்கு முழுக்க ஒரே கூச்சல். பெயரைத் தடவித் தடவி அவரவர் ஏனத்தை எடுத்தார்கள், உள்ளே என்ன வந்திருக்கிறது என்று ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொண்டார்கள். அஞ்சலையும் வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினாள். வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசிச் சொம்பையும் ஒருத்தி எடுத்துக்கொண்டு போனாள். அஞ்சலையின் குண்டான் இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பேன்? எல்லார் வீட்டுக்கும் ஏதாவது ஒன்று வந்திருக்கிறது, இவளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அந்தக் குண்டான் போன பெட்டியை என் கையாலேயே கட்டியிருந்தேன். அடப்பாவி மனுஷா, அன்றைக்கே மாட்டேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காதர் பாய்தான் வாயைத் திறந்தார். "பித்தளைக் குண்டானா? ஈயம் பூசினதா? அத்தக் கேக்காதம்மா, அது பெரிய பேஜாராப் பூட்ச்சி. திரிகோணமலைல எல்லாரும் மரியாதையாக் கொண்டாந்து வெச்சாங்கோ. ஒரு ஆளு மட்டும் கக்கத்துல வெச்சிகினு தரவே மாட்டேன்னுட்டான். அதோட வுட்டானா? 'இத்தோட மூடி எங்க? இதுக்கு மூடி உண்டே, இன்னா பண்ணீங்க?'ன்னு என் சட்டையப் புடிச்சிட்டான்."

அஞ்சலை அப்படியே உப்புத் தரையில் உட்கார்ந்தாள். வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். அதுவும் போதாமல் சத்தம் வெளியே வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் மற்றப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து முதுகைத் தடவினார்கள். தேசப்பன் மூக்கை உறிஞ்சினான். அம்பலவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், மறுபடி மாட்டவே இல்லை. எனக்கும் கண் கலங்கிற்று, அதில் மறைக்க என்ன இருக்கிறது?

"பாவி! பேமானி! கஸ்மாலம்! ஊரே திருப்பிக் குட்த்துச்சி, நீ ஒர்த்தன் குடுக்கலியேடா! நல்லா கீறான் சார், என் தம்பி நல்லா கீறான்!"

அடுத்த கப்பல்

மறுநாள் காலையில் நான் பூட்டைத் திறக்கும்போதே அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடி. புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக மின்னியது. வெறும் மூடியை எப்படிக் கொடுப்பது என்று அதன்மேல் ஒரு துணியில் கருவாடு கட்டி வைத்திருந்தாள். காதர் பாய் அடுத்த வாரம் போகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றாள்.

பக்கத்தில் அம்பலவாணன் இருந்தார். நான் பயந்துகொண்டே அவரைப் பார்த்தேன். அவர் மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், முன்பு அனுப்பிய நிவாரணத்தில் விட்டுப்போன பாகத்தை அனுப்புவதற்கு விதியில் தடை இல்லை என்றார். தேசப்பன் ஓடிப்போய்ச் சாக்குத் துணி கொண்டுவந்தான்.

"நேரில் வந்து வாங்கிக்கட்டும்னு சொன்னியேம்மா?" என்று கேட்டேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இத்தையும் அவன் திருப்பிக் குடுக்க மாட்டான் சார். குடுக்காத மட்டும் நல்லா கீறான்னு நான் நெனச்சிக்குவேன்."

ஒரு தேசம் இன்னொரு தேசத்துக்கு அனுப்பிய அத்தனை சாமானிலும், திரும்பி வராத அந்தக் குண்டான் ஒன்றுதான் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று நான் இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன்.